ஒரு ஆள் அறையில் இரண்டு பேர்

திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. விடுமுறை என்றால் காலை நீட்டிப் படுப்பது இல்லை. துணி துவைக்க வேண்டும், அறையைப் பெருக்க வேண்டும், வீட்டுக்குப் பேச வேண்டும். மற்ற நாட்களில் வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை சகிதம் இரண்டு பேராகச் சைக்கிளில் போய்த் தெருத்தெருவாகக் கதவு தட்டுவோம். மார்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காக இரண்டு வருட ஊழியத்துக்கு வந்தவர்கள். மார்மன் பசங்க என்று ஊர் சொல்லும். பட்டையில் ‘எல்டர்’ என்று போட்டிருக்கும். மூத்தவர் என்று பொருள். எனக்கு மீசையே இப்போதுதான் முளைக்கலாமா வேண்டாமா என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை நான் குளித்துவிட்டு வெளியே வந்தால், என் கூட்டாளி இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிறான். ஊழியத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவன். பழக்கிவிடச் சொல்லி என் தலையில் கட்டியிருந்தார்கள். மனதுக்குள் அவனைப் ‘புதுசு’ என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே வாயிலும் வந்துவிட்டது. எனக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. என் சட்டையைத் தேய்த்திருக்கிறான். முதுகின் நடுவில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் பழுப்பு.

“கோபப்படாதீங்க அண்ணா. ஜெபம் பண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சேன்.”

“ஜெபம் பண்ணும்போது பெட்டி எங்க இருந்துச்சு?”

“சட்டை மேலதான்.”

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அன்றைக்கு வந்த கோபம் பாதி வழியிலேயே சிரிப்பாகிவிட்டது. அவனை அதிகம் திட்டவும் முடியாது. வந்த முதல் நாள் மூட்டையைக்கூடப் பிரிக்காமல் அழுதவன் அவன். “இதெல்லாம் உண்மைதானா அண்ணா?” என்று கேட்டான். “எனக்குத் தெரியும்” என்று சொன்னேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் சபையில் சாட்சி சொல்லும்போது அப்படித்தான் ஆரம்பிப்போம். எனக்குத் தெரியும். முட்டி போட்டுக் கேளுங்கள், உள்ளுக்குள் பதில் வரும், உங்களுக்கும் தெரியும் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்வோம். நானும் ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் வந்ததில்லை. ஒரு முணுமுணுப்பு, ஒரு சிலிர்ப்பு, ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு வருகிறது என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் வரவில்லை, ஒருவேளை வந்தும் எனக்குத்தான் தெரியவில்லையா, யாரிடம் போய்க் கேட்பது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருக்கும். காலையில் எழுந்து டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அந்த வாரம் சனிக்கிழமை ஒரு ஞானஸ்நானம் இருந்தது. மருந்துக்கடை மாடியில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் அறை ஒன்றை நடத்திவந்த அக்காவுக்கு. சகோதரி என்று கூப்பிட்டோம். “அக்கான்னே சொல்லுங்க, எனக்குக் கூச்சமா இருக்கு” என்றார். கணவர் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டியவர். போன வருடம் கிளம்பிப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. வீட்டில் இப்போது அக்காவும் மாமனாரும் மட்டும். குடும்பம் சாவோடு முடிவதில்லை, மறுபடி சேரலாம் என்று நாங்கள் சொன்ன அன்று அவர் எங்களை உட்காரச் சொன்னார்.

செவ்வாய் மாலை அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மழை விடாததால் மற்ற சட்டையெல்லாம் ஈரம். ஓட்டைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன். புதுசு என் முதுகை மறைக்கிறேன் என்று என் சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டி ஒட்டி வந்தான். ஒரு திருப்பத்தில் அவன் முன் சக்கரம் என் பின் சக்கரத்தில் இடித்தது. நான் நேரே சாக்கடையில், தலைகீழாக. எழுந்தபோது இடது காது அடைத்துவிட்டது. அந்தப் பக்கம் உலகமே இல்லை.

மாமனார் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன தம்பி, சனிக்கிழமை அவளுக்குன்னுதானே சொன்னீங்க? நீங்க முந்திக்கிட்டீங்களா?”

எங்கள் ஆட்கள் டீயும் காபியும் குடிக்கக் கூடாது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு எங்கள்மேல் ஒரு வழக்கு உண்டு. அன்றும் ஆரம்பித்தார். “இவ தண்ணியில இறங்கிட்டா எனக்கு டீ யார் போடறது?”

“போட்டுக் குடுக்கலாம் மாமா. நான் குடிக்கத்தான் கூடாது” என்றார் அக்கா.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். சிரிப்பு போய்விட்டிருந்தது. “தம்பி, நீங்க சொன்ன மாதிரியே தினமும் கேட்டுட்டு இருக்கேன். ஒண்ணுமே வரலை. அமைதியாத்தான் இருக்கு. அவரை மறுபடி பார்ப்பேன்னு நம்ப எனக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசைதான் பயமா இருக்கு. ஆசைப்பட்டு ஏமாந்துடுவேனோன்னு.”

“வரும் அக்கா” என்று புதுசு முந்திக்கொண்டான். “அண்ணாவுக்கு வந்திருக்கு. இவருக்குத் தெரியும்.”

நான் தலையாட்டினேன். அக்கா என்னையே பார்த்தார். ஆனால் அவர் பார்த்தது என் காதை. “நீங்க ஏன் தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுக் கேக்கறீங்க? வியாழக்கிழமை அறைக்கு வாங்க, பார்த்துடலாம்.”

புதன்கிழமை முழுக்க ஒற்றைக் காதோடு கதவு தட்டினேன். ஒரு வீட்டில் ஒருவர் எனக்கு இடது பக்கம் நின்றுகொண்டு எதையோ நீளமாகச் சொன்னார். நான் சிரித்தபடி கேட்டுக்கொண்டே நின்றேன். புதுசின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் அவர் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. அதற்குள் அவர் ஓய்ந்துவிட்டார். “இவ்வளவு திட்டறேன், சிரிச்சிட்டே நிக்கறியேப்பா” என்று உள்ளே போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் பொறுமையை மெச்சித் தோளில் தட்டினார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது.

வியாழக்கிழமை அக்காவுக்காக உபவாசம் இருப்போம் என்று புதுசு சொன்னான். சரி என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் மருந்துக்கடை மாடிப்படி ஏறினோம். வாசல் மேஜையில் மாமனார் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா குட்டி விளக்கை வைத்து என் காதுக்குள் பார்த்தார். உள்ளே அழுக்கு ஊறி உப்பி அடைத்திருக்கிறது, விழுந்ததில் காது சிவந்தும் இருக்கிறது, இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம், ஆனால் கேட்கும் திறன் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார். மூலையில் அலமாரியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு அறை இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே ஒரு நாற்காலி. ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல்.

“நீங்க மட்டும் உள்ள போங்க தம்பி.”

புதுசும் கூடவே நுழைந்தான்.

“ஒருத்தருக்குத்தான் இடம்.”

“நாங்க ஒருத்தரை விட்டு ஒருத்தர் பிரியக் கூடாது அக்கா. எங்க விதி.”

“கண்ணாடி இருக்கே, இங்கிருந்து பார்த்துக்கோங்க.”

“பார்த்தா மட்டும் போதாது அக்கா. கூப்பிட்டா குரலும் கேக்கணும். இது சத்தம் புகாத அறையாச்சே.”

வாசலிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். “கல்யாணம் ஆன புதுசுல நான்கூட இப்படி ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சதில்லைப்பா!”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில் நான் நாற்காலியிலும் அவன் என் காலடியிலுமாகத் திணிந்து உட்கார்ந்தோம். அவன் தோள் என் முட்டியில் இடித்தது. தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார் அக்கா. சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அழுத்த வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். கதவு மூடியது.

முதலில் கீச் கீச் என்று வந்தது. அழுத்தினேன். பிறகு மெல்லியதாக வந்தது. அழுத்தினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. ஒரு உறுமல் கேட்டது, அழுத்தினேன். புதுசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அது நான் அண்ணா” என்றான். மறுபடி அமைதி. அந்த மாதிரி அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சத்தம் வந்துவிட்டதோ, நான்தான் தவறவிட்டேனோ என்று வியர்த்தது. அழுத்தினேன். இன்னொரு முறை அழுத்தினேன்.

அக்கா கதவைத் திறந்து வாசலிலேயே நின்றார்.

“நான் ஒலியே போடாதப்ப அவ்வளவு தடவை அழுத்தியிருக்கீங்களே, எதுக்கு?”

“ரொம்ப நேரமா ஒண்ணும் வரலை அக்கா. இந்நேரம் வந்திருக்கணுமே, எனக்குத்தான் கேக்கலை போலன்னு…” அசடு வழிந்தேன்.

“பரவாயில்லை, நிறைய பேர் செய்யறதுதான். கேக்கணும்னு ஆசையா வர்றவங்கதான் அதிகமா அழுத்துவாங்க.” சொல்லிவிட்டு அக்கா அப்படியே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “தம்பி, தப்பா நினைக்காதீங்க. ஜெபத்துல பதில் வந்துச்சுன்னு சொன்னீங்க. அது நிஜமா கேட்டதா, இல்லை இந்த மாதிரி அழுத்தினதா?”

‘எனக்குத் தெரியும்’ என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பழகிய வார்த்தை, கூப்பிடாமலே வரும். கீழே புதுசு என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவை மட்டும் தனியே அழைத்துச் சொல்லலாம் என்றால் அதற்கு வழியில்லை. நான் சொல்வது எல்லாமே அவன் காதில் விழும். அதுதான் விதி. அக்காவுக்கு உண்மை சொன்னால் இவன் உடைவான். இவனுக்காகப் பொய் சொன்னால் அந்த அக்கா என் வார்த்தையை நம்பித் தண்ணீரில் இறங்குவார்.

“கேக்கலை அக்கா” என்றேன்.

“ஒரு தடவைகூட?”

“ஒரு தடவைகூட.”

என் முட்டியில் இடித்துக்கொண்டிருந்த தோள் விலகியது. அந்த அறையில் விலகுவதற்கு இடமே கிடையாது. எப்படியோ விலகினான்.

அக்கா என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபமா, வருத்தமா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. “காதுல வேற கோளாறு இல்லை. சொட்டு மருந்து தரேன். அடைப்பு தானா விடும், எப்போன்னு சொல்ல முடியாது. சனிக்கிழமை பத்தி நான் யோசிக்கணும் தம்பி.”

வெள்ளிக்கிழமை புதுசு என்னோடு பேசவில்லை. பேசவில்லை என்றுதான் நினைத்தேன். அன்று முழுக்க அவன் என் இடது பக்கமாகவே நடந்தான். ஓரக்கண்ணால் பார்க்கும்போது அவன் உதடு அசைவது போல் இருக்கும். திரும்பினால் மூடிக்கொள்வான். ஊரில் மற்றவர்கள் மனஸ்தாபம் வந்தால் ஆளுக்கொரு பக்கம் போகலாம். நாங்கள் போக முடியாது. ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். அவனைத் தேற்றவும் தெரியவில்லை, அதட்டவும் தெரியவில்லை. சொன்னது சரியா தப்பா என்றுகூடத் தெரியவில்லை. நான் செய்ததெல்லாம் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டதுதான்.

மாலையில் எங்கள் பகுதித் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். எங்களைப் போல ஒரு பையன்தான், கொஞ்சம் மூத்தவன். “நாளைக்குத் தொட்டியில தண்ணி நிரப்பணுமா, வேண்டாமா?”

“தெரியலை” என்றேன்.

புதுசு தொலைபேசியை என் கையிலிருந்து பிடுங்கினான். “நிரப்பறோம்” என்று சொல்லி வைத்துவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஞானஸ்நானத்தில் தண்ணீர் தெளிப்பது கிடையாது. ஆள் முழுக்க மூழ்க வேண்டும். ஒரு விரல் நுனி வெளியே தெரிந்தாலும் செல்லாது, மறுபடி மூழ்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கென்றே இரண்டு சாட்சிகள் நிற்பார்கள். சபைக் கூடத்தை ஒட்டிய ஓடு பதித்த தொட்டி நிரம்ப அரை நாள் பிடிக்கும். சனிக்கிழமை காலையிலேயே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நாற்காலிகளைத் துடைத்தோம். வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்தால் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான் இருக்கிறது. அடியில் அடைப்பானைச் சரியாகப் போடவில்லை. போட்டவன் நான்.

அடைத்துவிட்டுச் சமையலறையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தோம். பாதியில் புதுசு வாளியைக் கீழே வைத்துவிட்டு என் வலது பக்கம் வந்து நின்றான்.

“நேத்து பூரா இதைத்தான் கேட்டுட்டு இருந்தேன். கேக்காத காதுப் பக்கமா நின்னு. ஒண்ணுமே வரலைன்னா நீங்க ஏன் அண்ணா இன்னும் இருக்கீங்க?”

“தெரியலைடா” என்றேன். “ஊருக்குப் போயிடலாம்னு எத்தனையோ தடவை நினைச்சிருக்கேன். மறுநாள் வாங்கன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்னு எழுந்துடுவேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். உன்கிட்ட அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். நீ அழுதே, எனக்குத் தாங்கலை.”

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். அவனுக்குக் கோபம் போய்விட்டதா இல்லையா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

தண்ணீர் தொடைக்கு வந்திருந்தபோது அக்கா வந்தார். மாமனார் கையில் துணிப்பை. அக்கா நேரே என்னிடம் வந்தார்.

“நீங்க எல்லாரும் தெரியும் தெரியும்னு ஒரே மாதிரி சொல்றதைக் கேட்டுக் கேட்டு, காதில விழுந்தவங்களுக்கு மட்டும்தான் இங்க இடம்னு நினைச்சுட்டேன் தம்பி. எனக்கு ஒண்ணும் விழலையேன்னு ராத்தூக்கம் போச்சு. ஒண்ணுமே கேக்காம நீங்க இத்தனை நாளா மழையில சைக்கிள் மிதிச்சு வந்திருக்கீங்க. அவரைப் பார்ப்பேனான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. ஆனா காத்திருக்க எனக்கு ஒரு இடம் வேணும். கேக்காதவங்களும் உள்ள இருக்கலாம்னா, நான் வரேன்.”

அதற்குள் வந்து சேர்ந்திருந்த தலைவர் அவரை அழைத்துப்போய் முறைப்படி கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டார். கதவு திறந்தே இருந்தது. திரும்பி வந்த தலைவரின் முகம் குழம்பியிருந்தது. “நம்பறீங்களான்னு கேட்டேன். நம்ப ஆசைப்படறேன்னு சொன்னாங்க. போதும்னு தோணுது. போதும்தானே?” என்று என்னையே கேட்டார். என்னிடம் போய்க் கேட்டார்!

வெள்ளை உடையில் நானும் அக்காவும் தொட்டியில் இறங்கினோம். ஒரு ஓரத்தில் தலைவர், மறு ஓரத்தில் புதுசு, சாட்சிகள். சொல்ல வேண்டிய வார்த்தைகளைப் பிசகாமல் சொல்லி அக்காவைப் பின்பக்கமாகச் சாய்த்தேன். தண்ணீர் போதாததால் ஏறக்குறைய தரையிலேயே படுக்கவைக்க வேண்டியிருந்தது. தூக்கினேன். அக்கா முகத்தை வழித்துக்கொண்டார். சபையார் முகமெல்லாம் சிரிப்பு. மாமனார் கை தட்டியேவிட்டார். தலைவர் சரி என்று தலையசைத்தார்.

“ஆகலை” என்றான் புதுசு.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவனுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. “கால் விரல் வெளிய வந்துச்சு. இடது கால்.”

“நிச்சயமா?” என்றார் தலைவர். “எனக்குத் தெரியலையே.”

“நான் பார்த்தேன். ஆகலை.” குரல் நடுங்கியது. வார்த்தையை மட்டும் அவன் மாற்றவில்லை. எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அக்கா நனைந்த தலையோடு அவனைப் பார்த்துச் சிரித்தார். “நல்லா பார்த்தீங்க தம்பி. இன்னொரு தடவை போறேன்.”

இந்த முறை நான் முட்டி போட்டுக்கொண்டேன். அக்காவைச் சாய்த்தபோது நானும் கூடவே குனிந்ததில் என் தலையின் இடது பக்கம் தண்ணீருக்குள் போனது. உள்ளே ஏதோ படக்கென்று விட்டது. இருவரும் நிமிர்ந்தோம். சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தது. குழாய் சொட்டுவது, அக்கா மூச்சு வாங்குவது, மறு ஓரத்திலிருந்து புதுசு “ஆச்சு அண்ணா, முழுசா ஆச்சு” என்பது. இது பதிலா, அல்லது மருந்தில் ஊறிய அழுக்கு கழன்றதா? எனக்குத் தெரியவில்லை. சொட்டு மருந்து விட்டிருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாமனார் துண்டை விரித்துக்கொண்டு படியின் விளிம்புக்கு வந்திருந்தார். கிண்டல் செய்யப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

“உள்ள அவன் குரல் ஏதாவது கேட்டுதாம்மா?”

அக்கா அவர் முகத்தையே பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார். “கேக்கலை மாமா.”

“எனக்கும் வீட்ல ஒண்ணும் கேக்கறதில்லை. தினமும் கேட்டுப் பார்க்கிறேன்.” அவர் துண்டை அக்காவின் தலையில் போட்டு, குழந்தைக்குத் துவட்டுவது போல் துவட்டினார். “சரி, மேல வா. ரெண்டு பேருமா காத்திருப்போம்.”

அவர் என் இடது பக்கம்தான் நின்றிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.